காயத்தின்மேல் நாமம்

என் தாத்தாவை எடுத்த அன்று எங்கள் தெரு முழுக்கச் சரவெடி வெடித்தார்கள். சூளகிரியிலிருந்து பேண்டு செட்டு வந்திருந்தது. சாமந்தியும் ரோஜாவும் வைத்துக் கட்டிய பல்லக்கு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பேரப்பிள்ளைகள் எல்லோர் கையிலும் நெய்ப்பந்தம் கொடுத்தார்கள். நானும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் தலைமாட்டில் நின்றேன். நெய் உருகி மணிக்கட்டில் வழிந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: கல்யாணச் சாவு. நாலு தலைமுறையைப் பார்த்துவிட்டார், படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமாக இல்லை, இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்றார்கள். தாத்தா சொன்ன பழைய நகைச்சுவைகளை எடுத்துச் சொல்லிச் சிரித்தார்கள். மாலை போட வந்த ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அது இன்றுவரை போகவில்லை. தாத்தா தினமும் நெற்றியில் போட்டுக்கொள்ளும் நாமம் மெல்லியது. தண்ணீரில் குழைத்து, கண்ணாடி பார்க்காமலே விரலால் இழுத்துவிடுவார். அன்றைக்கு அவர் நெற்றியில் இருந்ததோ புருவத்திலிருந்து தலைமயிர் வரைக்கும் அகலமாகப் பூசிய பட்டை நாமம். நெடுஞ்சாலையில், பட்டப்பகலில், ஒரு வண்டி அவரை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருந்தது. அந்தக் காயம் வெளியே தெரியாமல் இருக்கத்தான் அவ்வளவு பெரிய நாமம். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிந்துதான் வெடி வெடித்தார்கள்.

அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று சொன்னால்தான் என் கோபம் புரியும்.

தாத்தா சாமல்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டைச் சேர்ந்தவர். மழை பொய்த்த ஒரு வருடம் அவருடைய அம்மா அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் பிழைக்க வந்தாள் என்பார். அந்த வருடம் எது, அப்போது அவருக்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. வாக்காளர் அட்டைக்காகக் கணக்கெடுக்க வந்த ஆசிரியை ஒருமுறை வயதைக் கேட்டபோது, "எங்கம்மாவத்தான் கேக்கணும். அவ போன எடத்துக்கு நீயே போயிக் கேட்டுட்டு வாம்மா" என்றார். ஆசிரியை ஒரு நிமிடம் திகைத்து, பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவருடைய நகைச்சுவை அப்படித்தான் இருக்கும். எதிராளி சிரிப்பதா முறைப்பதா என்று தடுமாறும்படி சொல்லிவிட்டு, தன் முகத்தில் ஒன்றும் காட்டாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பார்.

சிறுவயதிலிருந்து பண்ணை வேலை. அதன் பிறகு மாங்கூழ் ஆலையில் மூட்டை தூக்கினார். இந்தப் பகுதியில் மூன்று மொழிகள் தெரியாமல் கூலி வேலை செய்ய முடியாது. அவருக்கு மூன்றும் தெரியும். "சாமிக்குத் தெலுங்கு, மாட்டுக்குக் கன்னடம், ஊட்டுக்குத் தமிழு. மாத்திப் பேசுனா மூணும் மொறைக்கும்" என்பார். என் அப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு ஏதாவது பழக்கம் உண்டா என்று ஜாடையாகக் கேட்டிருக்கிறார்கள். "காலையில எழுந்திரிக்கிற பழக்கம் மட்டும் இல்லீங்க" என்றாராம். அப்படியும் பெண் கொடுத்தார்கள் என்று என் அம்மா இன்றைக்கும் அலுத்துக்கொள்கிறாள். அப்பா அதிகம் பேசாதவர். சிறிய பட்டறை ஒன்றில் லேத் ஓட்டி ஓட்டி, அந்த இரைச்சலில் பேச்சையே விட்டுவிட்டவர். "என் பெரியவன் வாயத் தொறக்கணும்னா பல்லு டாக்டருதான் வரணும்" என்று தாத்தா எல்லோரிடமும் சொல்லுவார். சித்தப்பா அதற்கு நேர்மாறு. கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புவது, தண்ணீர் லாரி ஓட்டுவது, கோயில் கமிட்டி என்று எங்கும் அவர் குரல்தான் கேட்கும்.

தாத்தாவுக்குப் பழைய காலத்தின்மேல் எந்த ஏக்கமும் கிடையாது. கம்பெனிகள் வந்தபோது ஊரில் அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். பண்ணைக்காரர் வாசலில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றவருக்கு, தன் பிள்ளைகள் ஷூ போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போவது பெரிய விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் அடையாள அட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். யாராவது கேட்டால், "நாளையிலிருந்து எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு" என்றார்.

அவருடைய பக்தியைப் பற்றிச் சொல்லும்போது பலரும் அவரைச் சாந்தமான பெரியவர் ஆக்கிவிடுகிறார்கள். அது பொய். சாமியோடு அவருக்கு இருந்தது வாய்ச்சண்டை போடும் உறவு. ஊருக்கு எதிர்ப்பக்கம், சாலையைத் தாண்டினால், பாறையில் செதுக்கிய ஆஞ்சநேயர் இருக்கிறார். ஆள் உயரம், செந்தூரம் பூசிய உடம்பு. நான் சிறுமியாக இருந்தபோது அதற்குக் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. இந்த ஒரு சாமிமேல் மட்டும் இவ்வளவு பிரியம் ஏன் என்று ஒருமுறை கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்ன சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. "மத்த கோயிலுங்கள்ல நம்மள வெளிய நிக்க வெச்சாங்க பாப்பா. இவருக்குக் கதவே இல்ல. யாரு, எப்படித் தடுப்பான்?"

சனிக்கிழமை விடிந்ததும் குளித்து, வெற்றிலை மாலை கட்டிக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு போய்விடுவார். பாறைக்கு முன்னால் நின்று குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயராகச் சத்தம் போட்டுச் சொல்லி, அவர்மேல் தனக்குள்ள புகாரையும் சேர்த்துச் சொல்லுவார். பக்கத்தில் கும்பிடுபவர்களுக்கு எங்கள் வீட்டுச் சண்டை அத்தனையும் அத்துப்படி. திரும்பி வரும்போது இலையில் செந்தூரம் மடித்துக் கொண்டுவருவார். எங்களுக்கு வைத்தது போக, மிக்ஸி, டிவி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு. பொட்டு வைத்தால் ரிப்பேர் ஆகாது என்பது அவர் கட்சி. ஒருமுறை டிவி படம் தெரியாமல் போனது. தாத்தா அதை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு, "இதுக்குப் பக்தி பத்தல" என்றார்.

சாலையை அகலமாக்க வந்தபோதும் அவர் எதிர்க்கவில்லை. புளியமரங்களை வெட்டியபோது வருத்தப்பட்டார். அதோடு சரி. பெங்களூருக்கு எவ்வளவு சீக்கிரம் போய்விடலாம் என்று, தனக்குப் போக வேலையே இல்லாத அந்த ஊரைப் பற்றிப் பெருமை பேசினார். சாலை முடிந்த பிறகுதான் தெரிந்தது, ஊர் ஒரு பக்கமும் சாமி ஒரு பக்கமும் ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனையோ வரிசையில் வண்டிகள். நடுவே தடுப்புச் சுவர். அதில் எங்கள் ஊருக்கு எதிரே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. சுரங்கப்பாதை கிடையாது, மேம்பாலம் கிடையாது, விளக்கு கிடையாது. கொஞ்ச தூரம் தள்ளி, ஒரு கம்பெனியின் கன்டெய்னர் லாரிகள் திரும்புவதற்கு அழகான வளைவு போட்டிருந்தார்கள். லாரி திரும்ப வேண்டும் என்று யோசித்தவர்களுக்கு மனுஷன் தாண்ட வேண்டும் என்று தோன்றவில்லை. கோயில் மட்டுமல்ல, ஓசூர் போகும் பஸ் நிற்பதும் அந்தப் பக்கம்தான்.

"கடலையே தாண்டுனவன் நீ, இந்த ரோட்டத் தாண்டி எங்க பக்கம் வரக் கூடாதா?" என்று தாத்தா ஆஞ்சநேயரைக் கேட்டது எங்கள் ஊரில் மிகவும் பிரபலம். எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பாதை கேட்டு ஊரே கையெழுத்துப் போட்ட பிறகு, சாலைக்காரர்கள் அளவு நாடாவோடு ஒரு நாள் வந்தார்கள். அளந்தார்கள். படம் எடுத்தார்கள். கிளம்பும்போது தாத்தா அவர்கள் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார். "இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் சாமி. நடுவுல எமன எதுக்குயா குந்த வெச்சீங்க?" என்று கேட்டார். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "பெரியவர் செம ஆளு" என்று அவர் தோளைத் தட்டினார். சுற்றி நின்ற ஊராரும் சிரித்தார்கள். சித்தப்பா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். தாத்தா சிரிக்கவில்லை. அவர் கைத்தடி நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கச் சிரிக்க வைத்த மனிதனுக்கு இதுதான் கிடைத்தது. அவர் கோபப்பட்டபோதும் ஜனங்கள் கைதட்டினார்கள்.

அவர் இறந்த சனிக்கிழமை எனக்கு முதல் ஷிப்ட். எங்கள் கம்பெனியில் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் அது அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. உணவு இடைவேளையில்தான் பார்த்தேன். ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது தாத்தாவைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகவில்லை. சாலையோரத்தில் இளநீர்க் கடை வைத்திருக்கும் அக்கா போட்ட கூச்சலில் ஓடிவந்தவர்கள், அவரைத் தூக்கி நேரே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தூக்கும்போதே உயிர் இல்லை.

"என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாதான் பதில் சொன்னார்.

"சாமி கும்பிட்டுக்கிட்டே சாஞ்சுட்டாரு பாப்பா. ஆஞ்சநேயர் பாதத்துலயே போயிட்டாரு. யாருக்குக் கெடைக்கும் இப்படி ஒரு சாவு?"

நான் தாத்தாவின் தலையைத் தொட்டேன். பின்னந்தலையில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். நாமத்தின் ஓரத்தில் தோல் கிழிந்து தெரிந்தது.

"சித்தப்பா, இது வண்டி அடிச்ச காயம்."

"மெதுவாப் பேசு" என்று என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கண்ணீர் வழிய, பற்களைக் கடித்துக்கொண்டு பேசினார். "போலீசுக்குச் சொன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்க. அறுப்பாங்க. மண்டையப் பொளந்து தெச்சி, துணியில சுத்திக் குடுப்பாங்க. நான் பாத்திருக்கறன். எங்கப்பன அப்படிப் பாக்கச் சொல்றியா?"

"அடிச்சவன் யாரு?"

"எவனோ. நிக்கல. அவனத் தேடிப் புடிச்சா எங்கப்பன் எழுந்து வந்துருவாரா? இருந்தாலும் இன்னும் எத்தன வருசம் பாப்பா?"

அந்தக் கடைசிக் கேள்விக்காக அவரை நான் மன்னிக்கவே இல்லை. அப்பனை அறுக்க விடக் கூடாது என்ற அவர் பயம் உண்மையானது, அது எனக்குப் புரிந்தது. அவருடைய தண்ணீர் லாரி அந்தச் சாலையைப் போட்ட கம்பெனியின் வேலைக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வயதானவர்தானே என்ற அந்த ஒரு நினைப்பு, வண்டி ஓட்டியவனுக்கும் இருந்திருக்கும். நிற்காமல் போவதற்கு அவனுக்கும் அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

அப்பாவிடம் போய், "நீங்க சொல்லுங்கப்பா" என்றேன். "சின்னவன் சொல்றபடி ஆவட்டும் பாப்பா" என்றார். கூடியிருந்தவர்கள் முன்னால் போய் நின்று, "தாத்தாவ வண்டி அடிச்சுது, கோயில்ல சாகல" என்று உரக்கச் சொன்னேன். அதற்குள் பேண்டுக்காரர்களை வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். அத்தை ஒருத்தி என் தோளை அழுத்தி உட்கார வைத்து, "கட்டிக் குடுத்த பொண்ணு, வந்தமா அழுதமான்னு இரு" என்றாள். கிராம நிர்வாக அலுவலரிடம் வயோதிகத்தால் இறந்ததாகச் சொல்லியிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நாமம் போட்டுவிட்டார்கள் என்று யாரையாவது ஏமாற்றினால் சொல்லுவோமே, அதை உண்மையாகவே போட்டு அனுப்பினார்கள் என் தாத்தாவுக்கு.

அதன்பிறகு அந்தப் பொய் வளர ஆரம்பித்தது. தாத்தா கும்பிட்டபடியே சரிந்தார் என்பதோடு நிற்கவில்லை. விளக்கு தானாகப் பெரிதாக எரிந்ததாம். ஒரு குரங்கு வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்ததாம். இந்தப் பக்கத்தில் கடைசியாக எப்போது குரங்கைப் பார்த்தார்கள் என்று சொல்பவர்களைக் கேட்க வேண்டும். காரில் வந்து கும்பிட்டுப் போகிறவர்கள் அதிகமானார்கள். கமிட்டி முன் மண்டபம் கட்டியது. அதன் வாசலில் கருங்கல்லில் தாத்தாவின் பெயரைச் செதுக்கி, அனுமன் பாதத்தில் முக்தி அடைந்த மகான் என்று எழுதி வைத்தார்கள். மண்டபத்துக்கு இரும்புக் கதவும் போட்டார்கள். அந்தக் கல்லைப் பார்த்தால் தாத்தா என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவரைப் போல எனக்குச் சிரிக்க வராது. பல்லக்கு, வெடி, குரங்கு, கல் எல்லாவற்றையும் நினைத்தால் எதையாவது தூக்கிப் போட்டு உடைக்கத்தான் தோன்றியது. வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சித்தப்பாவோடு சண்டை போட்டேன். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

எங்கள் வீட்டின் பக்கத்துப் பகுதியை அப்பா வாடகைக்கு விட்டிருந்தார். கம்பெனி வேலைக்காகத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் சேர்ந்து தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மிகவும் கலகலப்பானவள். எங்கள் பேச்சைக் கேலி செய்வாள். "உங்க ஊர்ல எல்லாரும் ஏன் சண்ட போடுத மாரியே பேசுதீய?" என்பாள். தாத்தா போன அடுத்த ஆண்டு, பஸ் பிடிக்க ஓடியபோது, அதே இடைவெளியில் ஒரு கார் அவளை அடித்தது. உயிர் பிழைத்தாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அவளுடைய அப்பா மறுநாள் ஊரிலிருந்து வந்தார். மெலிந்த மனிதர். மகளின் துணிமணிகளை எடுத்துப் போக ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர், கிளம்பும் முன் வாசலில் நின்றுகொண்டு என் அப்பாவைக் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஐயா, இங்கன இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா? கேட்டவுக எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுதாக. நடந்திருக்குன்னு யாராவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் பிள்ளைய இந்தப் பக்கம் அனுப்பியிருக்க மாட்டனே."

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அந்த மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இதையெல்லாம் போனில் சொன்ன அம்மா, அன்று அப்பா சாப்பிடவில்லை என்றாள். மறுநாளும் சாப்பிடவில்லை.

இளம்பெண்ணின் கால் போனதால் செய்தி பத்திரிகையில் வந்தது. அதிகாரிகள் மறுபடியும் ஜீப்பில் வந்தார்கள். ஊரே சாலையோரம் கூடியிருந்தது. நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். இந்த முறை வந்தவர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: சுரங்கப்பாதை கேட்க வேண்டுமானால் இது விபத்து நடக்கும் இடம் என்று காட்ட வேண்டும். இந்த இடத்தில் இதுவரை ஒரு சாவுகூட நடந்ததாகப் போலீசிலும் இல்லை, தங்களிடமும் இல்லை. "இதுக்கு முன்ன ஒரு சாவுக் கேஸ்கூட இல்லீங்களே. நான் எதை வெச்சு மேல கேக்கறது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்த்தேன்.

"எங்கப்பா இங்கதான் செத்தாரு."

என் அப்பா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சித்தப்பா அவசரமாக வந்து அவர் கையைப் பிடித்தார். "அண்ணா, என்னா பேசற? வா இப்படி."

அப்பா கையை உதறினார். "கோயில்ல சாகல சார். இங்க, இந்தத் தடுப்புச் சுவருகிட்ட. வண்டி அடிச்சு செத்தாரு. மண்ட ஒடஞ்சிருந்துது. நாந்தான் தண்ணி ஊத்திக் கழுவனன். நாந்தான் நாமம் போட்டு மறைச்சன். கேசு குடுக்கல. பொய் சொன்னம். எழுதிக்கங்க சார். நாங்க பொய் சொன்னதாலதான் அந்தப் புள்ளைக்குக் கால் போச்சு, அதயும் எழுதிக்கங்க."

அந்த நாமத்தைப் போட்டது சித்தப்பா என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"அண்ணன் தூக்கத்துல பேசறாரு சார்" என்றார் சித்தப்பா. யாரும் சிரிக்கவில்லை. தளிப் பக்கத்துக்காரியான இளநீர்க்கார அக்கா கையில் அரிவாளோடு அப்படியே முன்னால் வந்தாள். பதற்றத்தில் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வந்தது. "நானே நோடிதே சார்! என் கண்ணால பாத்தன். வெள்ளக் காரு. தாத்தா எண்ணெக் கிண்ணம் அந்தாண்ட போயி வுழுந்துச்சு. ஒருத்தரும் என்னக் கேக்கல. சொல்லாதன்னாங்க."

அதன்பிறகு, ஓரமாக நின்ற ஒரு பெண் தன் புருஷனைப் பற்றிச் சொன்னாள். வயலில் வழுக்கி விழுந்து இறந்தார் என்றுதான் அதுவரை எங்களுக்குத் தெரியும். இங்கேதான் அடிபட்டார் என்றாள். அறுக்கக் கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார் என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கிழவர் தன் தம்பியைப் பற்றி ஆரம்பித்தார். எத்தனை வீடுகளில் எங்கள் வீட்டைப் போலவே காயத்தைக் கழுவிப் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இளைஞர் எழுதிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை பேனாவை நிறுத்தி, சாலையைத் திரும்பிப் பார்த்தார்.

இப்போது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சுரங்கப்பாதை வரவில்லை. திட்டம் மேலே போயிருக்கிறது என்கிறார்கள். மஞ்சள் விளக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், சில நாள் எரிகிறது. சித்தப்பா அப்பாவோடு பேசுவதில்லை. கோயில் கல்லில் எழுதியிருப்பதை அழிக்கச் சொல்லி அப்பா கேட்டார், கமிட்டி மறுத்துவிட்டது. அப்பா இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுத் தென்காசிக்குப் பஸ் ஏறினார். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். அவர் என்ன சொன்னார் என்று அப்பா யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் நாங்கள் சாலையை மறிக்கிறோம். யாரும் அனுமதி கொடுக்கவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. காலையில் கோயிலுக்குப் போகிறவர்களும் பஸ்ஸுக்குப் போகிறவர்களும் ஒன்றாகச் சேர்ந்ததும், நான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் இறங்குகிறோம். சனிக்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். லாரி முகத்துக்கு நேராக வந்து நிற்கும்போது அதன் சூடு வயிற்றில் அடிக்கும். ஹாரன் காதைப் பிளக்கும். மூன்று மொழிகளிலும் திட்டுகிறார்கள். மூன்றும் எனக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார். சட்டையில் கம்பெனி அட்டை தொங்கியது. எனக்குப் பின்னால் ஓர் அம்மாள் முழங்கால் வலியோடு, வெற்றிலை மாலையை ஏந்திக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லக் கூடாதா? எவ்ளோ நேரம்?" என்றார்.

"அவங்களுக்கு வயசாயிடுச்சு சார். மெதுவாத்தான் போவாங்க."

"நான் ஆபீஸ் போகணும்."

"போலாம். அவங்க போய்ச் சேரட்டும். அதுவரைக்கும் வண்டிய ஆஃப் பண்ணிக்கங்க."

அவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். எனக்குப் பின்னால் அந்த அம்மாளின் கால்கள் தார்ச்சாலையில் தேய்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அவர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். அவருக்குப் பின்னால் நின்ற லாரியும் ஓய்ந்தது.